நிலத்தைப் படிப்போம்; நிலத்திலேயே படிப்போம்!



2024-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் மாலை, திருவண்ணாமலையில் ஒரு வீட்டின்மேல் மலை இறங்கிற்று. முந்தைய இரவு புதுவைக்கு அருகில் கரையேறிய பெஞ்சல் புயல் விரைந்து அகலாமல் நிலத்தின்மேலேயே தங்கி நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்றிமீட்டர் மழை. நனைந்து நனைந்து கனத்த அண்ணாமலைச் சரிவு, வ.உ.சி. நகரில் மண்ணும் சேறும் பாறையுமாகச் சரிந்தது. எழுவர் மாண்டனர். அவருள் ஐவர் சிறுவர். பன்னிரண்டு நாள் கழித்துக் கார்த்திகை விளக்கீடு வந்தது. மலையுச்சியில் விளக்கு எரிந்தது. மலை ஏறுவதற்கு அவ்வாண்டு மக்கள் விடப்படவில்லை.

இவ்வூர்ப் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். என் வகுப்பறைச் சாளரத்தைத் திறந்தால் அண்ணாமலை தெரியும். அச்சாளரத்திற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, 'குறிஞ்சியாவது மலையும் மலை சார்ந்த இடமும்' என்று எத்தனையோ தலைமுறை மாணாக்கர்க்குச் சொல்லியிருக்கின்றேன். 'துறுகல்' என்னும் சொல் வந்தால், 'பெரும்பாறை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போயிருக்கின்றேன்.

அந்தத் திசம்பரில் பள்ளி மீண்டும் திறந்தபோது மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, அந்த வீட்டின்மேல் விழுந்ததுதான் துறுகல்லா?" என்று கேட்டாள். "ஆம்" என்றேன். "அத்தனை பெரிய கல் மண்ணுக்குள் எப்படி வந்தது? இத்தனை நாள் உருளாதது அன்றைக்கு ஏன் உருண்டது?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. சொல்லுக்குப் பொருள் தெரியும். அச்சொல் குறிக்கும் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. முப்பது ஆண்டுப் புலமை ஒரு சிறுமியின் இரண்டு வினாக்களுக்கு முன் வாயடைத்து நின்றது. அந்த நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நிலவியல் கற்ற நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைவலப் பாதையில் நடந்தேன். கையில் ஒரு சிறு சுத்தியல், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. அவ்வளவே கருவி. வழியில் ஒரு கல்லை உடைத்து, 'பாருங்கள்' என்றார். பருமணிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருந்தன. பாறைக் குழம்பு நிலத்தின் மேலே கொட்டி விரைந்து ஆறினால் மணிகள் இவ்வளவு பருக்கா. இவை நிலத்தின் ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும், மிக மெல்ல உருவானவை. அண்ணாமலை ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய எரிமலை என்று வருவோர்க்கெல்லாம் சொல்லி வருகின்றோமே, அதற்கு மறுமொழி அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கின்றது. வடதமிழகத்துப் பழம்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவையின. அத்தகைய பாறை நாட்டில் வாழ்ந்துகொண்டு, ஒரு கல்லையேனும் உடைத்து உள்ளே பார்த்தோமில்லை.

பின்னர் அம்மாணவியின் வினாவுக்கு விடை கிடைத்தது. ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேலிருந்த சுமை ஊழிக்கணக்கில் அரிக்கப்பட்டு நீங்கியதும், இறுக்கம் தளர்ந்து விரிசல் விடுகின்றது. விரிசலின் வழியே மழைநீர் இறங்குகின்றது, வேர் நுழைகின்றது, வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்குகின்றன. விரிசலை ஒட்டிய பகுதி மெல்ல மெல்ல மக்கி மண்ணாகின்றது. வெங்காயத்தின் தோல் உரிவது போல ஏடு ஏடாக உரிந்து, நடுவில் இருக்கும் வன்பகுதி மட்டும் உருண்டு திரண்டு எஞ்சுகின்றது. அதுவே துறுகல். எனவே, கல் மண்ணுக்குள் எங்கிருந்தோ வந்ததன்று. கல்லே தன்னைச் சுற்றிலும் மண்ணாகிவிட்டது.

மழையில்லாத நாளில் மணலும் சரளையும் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால் சரிவு நிற்கின்றது. பெருமழையில் மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்புகின்றன. அந்நீர் மண்மணிகளை விலக்கித் தள்ளுகின்றது, உராய்வு குறைகின்றது, நனைந்த மண்ணின் எடையோ கூடுகின்றது. சரிவின் அடியை வீட்டுக்கோ சாலைக்கோ வெட்டியிருந்தால் மேலுள்ளதைத் தாங்க ஒன்றுமில்லை. ஓடை அடைபட்டிருந்தால் நீர் போக வழியுமில்லை. அப்போது மண் சரிகின்றது. மண் பிடித்திருந்த துறுகல்லும் உருள்கின்றது.

இதற்கு முன்னறிகுறிகளும் உண்டு. சரிவின் மேற்புறத்தில் பிறை வடிவில் நிலம் வெடிக்கும். நேராக நின்ற மரங்கள் ஒருபுறம் சாயும். வீட்டுச் சுவரில் புதிய விரிசல் ஓடும். தெளிந்திருந்த ஊற்று கலங்கும். மழை நிற்காதபோதே ஓடைநீர் திடீரெனக் குறையும். ஒவ்வொரு சரிவிலும் இவை எல்லாம் தோன்றும் என்றோ, தோன்றும்போது பகல் வெளிச்சம் இருக்கும் என்றோ சொல்ல முடியாது. எனினும், இவற்றை அறிந்த கண்கள் மலையடியில் இருபது வீட்டுக்கு ஒன்றேனும் இருத்தல் வேண்டாமா? பத்தாம் வகுப்புத் தேர்ந்த ஒருவருக்கு இவற்றைச் சொல்லித் தர இரண்டு கிழமை போதும். நாம் சொல்லித் தரவில்லை.

நம்மவர்க்கு ஒரு பெருமிதம் உண்டு: "எல்லாம் தமிழில் உள்ளது." உள்ளது, மறுக்கவில்லை. பாறைப் பிளவுக்கு விடர், குகைக்கு முழை, மலைச்சரிவுக்கு அடுக்கம், சாரல், கூழாங்கல்லுக்குப் பரல், சரளை நிறைந்த மேட்டுநிலத்துக்கு முரம்பு, நீரோட்டம் வரிவரியாக இழைத்த மணலுக்கு அறல், அலையும் வெள்ளமும் குவித்த மணல்மேட்டுக்கு எக்கர், ஆற்றின் நடுவே உயர்ந்த திட்டுக்குத் துருத்தி. இத்துணை நுட்பமாக நிலத்தைப் பகுத்துப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். வீட்டுக்குள் இருந்து எழுதியவர்க்கு இச்சொற்கள் கிட்டா. கண்டவர் சொன்னார், கண்டு சொன்னமையால் சொல் நின்றது. நாமோ காணாமலே மனப்பாடம் செய்கின்றோம். ஆகலின் சொல் தேர்வுத்தாளோடு முடிந்து போகின்றது.

இதனால் விளைந்த கேட்டுக்குப் பெருஞ்சான்று ஒன்றுண்டு. 'கடல்கோள்' என்பது நாம் நெஞ்சுயர்த்திச் சொல்லும் சொல். வேறு மொழிகள் சப்பானியச் சொல்லைக் கடன் வாங்க, நம்மிடம் முன்பே சொல் இருந்தது என்று மேடைதோறும் முழங்குகின்றோம். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் காலை அந்தக் கடல்கோள் வந்தது. தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் மாண்டனர். மிகுதியானோர் நாகை மாவட்டத்தார். சொல் இருந்தது, ஆனால், கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்று நம் பள்ளிகளில் எவரும் சொல்லித் தந்ததில்லை.

அதே நாளில் தாய்லாந்தின் பூக்கெட்டுக் கரையில் பத்து அகவை ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு கிழமைக்கு முன் வகுப்பில் கற்றது நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் கூவிச் சொன்னாள். கரையிலிருந்தோர் அகற்றப்பட்டு உயிர் பிழைத்தனர். அவள் புலவரல்லள், அறிவியலாளரும் அல்லள். தன் தாய்மொழியில், தன் கண்ணுக்கு விளங்கும் வகையில், ஒரு பாடம் கற்றவள். அவ்வளவே. சொல்லைக் காட்சியோடு கற்றவள் பிழைத்தாள், பிறரையும் பிழைப்பித்தாள். காட்சியின்றிச் சொல்லை மட்டும் காத்த நாம் மாண்டோம்.

நிலத்திடையே சென்று கற்பது நமக்குப் புதியதும் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நம் மாவட்டத்து நூல். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டுவது. அந்நூலை வெறும் பாடாண் பாட்டென்று எண்ணிவிடலாகாது. எங்கே வழுக்கும், எங்கே குழியிருக்கும், எப்பாறையில் கால்வைத்தல் ஆகாது, எத்திசையிலிருந்து கவண்கல் வரும், எவ்விடத்தில் தங்கலாம் என்று மலைவழியை அடியடியாகச் சொல்லுகின்றது. மலைக்கு வருவோர்க்கு எழுதப்பட்ட இடர் அறிவுரை அது. செங்கமும் நவிரமலையும் நமக்கு அரைநாள் வழியில் உள்ளன. ஆயினும் அந்நூலைக் கையிலேந்தி அம்மலை வழியில் நடந்த தமிழ் வகுப்பு எத்தனை? என் வகுப்பும் நடந்ததில்லை.

இனி என் கருத்தைச் சொல்லுகின்றேன். திருவண்ணாமலையில் நிலவியலுக்கென ஒரு குமுகாயக் கல்லூரி வேண்டும். அது தமிழில் நடக்கவேண்டும். அதன் வகுப்பறை பெரும்பாலும் வானத்தின் கீழ் இருக்கவேண்டும்.

குமுகாயக் கல்லூரி என்பது நெடும் பட்டப்படிப்புக்கு வாய்ப்பில்லாதோர்க்கும், உழைத்துக்கொண்டே கற்போர்க்கும், அகவை கடந்தோர்க்கும் கதவு திறக்கும் கல்லூரி. நம் பக்கத்தில் 1995-இல் புதுவையில் அது தொடங்கியது. அடுத்து 1996-இல் சென்னைக்கு வந்தது. 2013-இல் பல்கலைக்கழக நல்கைக்குழு இதற்கென ஒரு திட்டமே வகுத்தது. அமெரிக்க நாட்டில் இத்தகைய ஈராண்டுக் கல்லூரிகளில் நிலவியல் கற்போரை மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று, பாறை முன்னே நிறுத்திக் கற்பிக்கின்றனர். உழைத்துப் பழகிய மாணாக்கர் நூலைவிட நிலத்தில் விரைந்து கற்பர் என்பது அவ்வழியின் அடிப்படை. அவ்வடிப்படை நமக்கும் பொருந்தும்.

அக்கல்லூரிக்கு இம்மாவட்டத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையுமே வைத்தார். அவ்வழியிலேயே ஓராண்டுப் படிப்பை வகுக்கலாம்.

கூதிர்க்காலத்தில், மழை பெய்யும்போதே, அண்ணாமலையைச் சுற்றியுள்ள ஓடைகளையும் குளங்களையும் படிக்கவேண்டும். எங்கே நீர் இறங்குகின்றது, எங்கே அடைபடுகின்றது, எங்கே மண் கலங்கி வருகின்றது என்று மாணாக்கர் தம் கையால் படம் வரையவேண்டும். மழை ஓய்ந்ததும் சாத்தனூர். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் முடிந்த இவ்வணையிலிருந்து 2024 திசம்பர் 2-ஆம் நாள் நொடிக்கு 1.68 இலக்கம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அவ்வெள்ளம் எங்கே எக்கரைக் குவித்தது, எக்கரையை அரித்தது என்பதை ஆற்றிலேயே பார்க்கலாம்.

பனிக்காலத்தில் செஞ்சிப் பாறைகளும் திருவக்கரையும். திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஊரார் அதற்குக் 'கல்மரம்' என்று பெயரிட்டனர். எந்தக் குழுவும் கூடி ஆக்கிய கலைச்சொல் அன்று அது. பிரஞ்சுக்காரராகிய சொன்னெரா 1781-இலேயே அதைப் பற்றி எழுதினார். அங்கிருந்து தெற்கே அரியலூர் சென்றால், ஒரு காலத்தில் அந்நிலம் கடலாக இருந்ததைச் சிப்பியும் நத்தையும் கல்லாய் நின்று காட்டும். வேனிலில் வற்றிய ஏரிகளும் கிணறுகளும் சவ்வாதுமலையும். நீர் இல்லாதபோதுதான் நீர் வந்த வழி தெளிவாகத் தெரியும்.

ஆசிரியர்? நிலவியல் கற்ற பட்டதாரிகள் வேண்டும். அவர்களோடு நம் கிணறு வெட்டுவோரும் கற்றச்சரும் ஆசிரியராக அமரவேண்டும். மேல்மண், செம்மண், சரளை, சுக்கான், பாறை என்று அடுக்கடுக்காக நிலத்தின் உள்ளைச் சொல்லக்கூடியவர் கிணறு வெட்டுபவர். ஊற்றுக்கண் எப்பக்கம் என்று பாறை விரிசலைப் பார்த்துச் சொல்வார். கல்லைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டு, ஆண்கல் பெண்கல் என்று பகுப்பவர் கற்றச்சர். 217 அடி உயர்ந்த அரசகோபுரத்தின் அடித்தளக் கல் தேர்வு அப்படிப்பட்ட காதுகளால் நடந்தது. இவ்வறிவுக்கு இன்று சான்றிதழும் இல்லை. வாரிசும் அருகி வருகின்றது.

'அறிவியலைத் தமிழில் கற்பிக்க முடியுமா?' என்னும் பழைய வினா உடனே எழும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிசுகு கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழில் நூல்களும் வெளியிட்டார். கடல்கடந்து வந்த ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா? மருத்துவத்துக்கு உதவிய மொழி மலைக்கும் மண்ணுக்கும் உதவாதா?

மொழியை இங்கே வற்புறுத்துவது வெறும் பற்றினால் அன்று. நம் நிலத்தைப் பற்றிய முடிவுகள் எம்மொழியில் எழுதப்படுகின்றன என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு சுரங்கமோ தொழிலோ வருமுன் மக்கள் கருத்துக் கேட்கவேண்டும். அதற்குரிய அறிக்கையின் சுருக்கம் மட்டும் மாநில மொழியில் தரப்பட்டால் போதும். நூற்றுக்கணக்கான பக்க முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 2020-இல் அவ்வறிவிக்கையின் புதிய வரைவே இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளிவர, எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. நம் ஊரை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இரும்புக் கனிமம் உண்டு. அதைத் தோண்ட ஒரு திட்டம் வந்தபோது சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்கள் நெஞ்சில் உறுதி இருந்தது. ஆனால், மலையை வெட்டினால் கிணற்று நீர்மட்டம் என்னாகும், ஓடைகள் எத்திசை மாறும் என்று எதிர்த்தரப்பின் அறிக்கையைப் பிரித்துக் காட்டி வழக்காட, அவ்வூர்ப் பிள்ளைகளிலேயே பத்துப்பேர் நிலவியல் கற்றிருந்தால் அவ்வுறுதிக்கு எத்துணை வலிமை சேர்ந்திருக்கும்! தன் நிலத்தைப் பற்றிய அறிக்கையைத் தானே படிக்க இயலாதவன் அந்நிலத்துக்கு உரியவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வான்?

நம் பக்கத்துக் குறையையும் ஒளியாமல் சொல்லவேண்டும். தனித்தமிழ் அன்பர்களாகிய நாம் கலைச்சொற்களை மேசைமேல் ஆக்குகின்றோம். ஒரு பொருளுக்கு ஐந்து சொல் ஆக்கி, எது சிறந்தது என்று ஐந்தாண்டு வழக்காடுகின்றோம். இனி ஒவ்வொரு சொல்லையும் பாறை முன்னே கொண்டுபோய் நிறுத்துவோம். கிணறு வெட்டுபவர் வாயில் அது நிற்கின்றதா என்று பார்ப்போம். அவரிடம் முன்பே ஒரு சொல் இருந்தால் நம்முடையதைக் கிழித்துப் போடுவோம்.

சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கருங்கல்லின் கதை நமக்கு ஒரு பாடம். அக்கல் கொல்கத்தாவுக்குப் போய், சாப் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை மேல் கிடந்தது. நிலவியலாளர் தாமசு ஆலந்து அதை ஆராய்ந்து, 1893-இல் அவ்வகைப் பாறைக்கே 'சார்னோக்கைட்டு' என்று பெயரிட்டார். நம் மண்ணின் பாறை ஒரு வெள்ளை வணிகரின் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது. இதைக் கேட்டால் நமக்குச் சினம் வருகின்றது. சினம் யார்மீது? ஆலந்து கல்லை வெட்டி, தேய்த்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார், பார்த்தவர் பெயரிட்டார். நாம் அதன்மேல் நடந்தோம்.

இன்னொன்று. நிலத்தைக் கற்கப் புகுந்தால் நாம் விரும்பும் விடையே எப்போதும் வாராது. கடைசிப் பனியூழி முடிந்தபின் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. நம் கரையோரத்து நெடுநிலம் மூழ்கியது. இது நிலவியல் தரும் செய்தி. ஆனால், பெருங்கண்டம் ஒன்றே இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதற்கு அந்நூலில் சான்று இல்லை. இதைச் சொன்னால் அன்பர் சிலர் முகம் சுளிக்கலாம். தமிழின் பெருமை கற்பாறை போன்றது. உளி பட்டால் உடையும் என்று நாம் அஞ்சவேண்டியதில்லை.

கல்லூரி நாளையே வாராது என்பது தெரியும். அரசும் பல்கலைக்கழகமும் அசையும் வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு தமிழாசிரியரும் திங்களுக்கு ஒரு நாள் வகுப்பை வெளியே கொண்டு போகலாம். ஊர் ஏரியின் கரையில் நின்று முல்லையும் மருதமும் சொல்லலாம். மலையடியில் வாழும் நம் அன்பர்கள், தம் தெருவுக்கு மேலுள்ள சரிவை மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் நடந்து பார்த்துக் குறித்துவைக்கலாம். இப்பணிக்கு எவர் ஒப்புதலும் வேண்டா. வேண்டுவன கால்களும் கண்களுமே.

அம்மாணவி இப்போது மேல்நிலை வகுப்பில் இருக்கின்றாள். அன்று நான் கற்று வந்த விடையை மலையடிக்கே அழைத்துச் சென்று அவளுக்கும் அவள் தோழியர்க்கும் சொன்னேன். மண்ணுக்குள் பாதி புதைந்திருந்த ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு அதன் அடிமண்ணை விரலால் கீறிப் பார்த்து, "ஐயா, இதுவும் ஒரு நாள் உருளுமா?" என்று கேட்டாள். அதற்குக் கீழே பன்னிரண்டு வீடுகள் இருந்தன; எண்ணிப் பார்த்தோம். அவ்வினாவுக்குத் துணிந்து விடை சொல்லத் தக்கவர் இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூரிலேயே கற்று, தமிழிலேயே சொல்லவேண்டும். அவரை உருவாக்குவதே நம் கடன்.